ஒரு கைக்கு ஒரு கேமரா

வாழைத்தோட்டத்துச் சாமியிடம் வருகிறவர்கள் பெரிய பெரிய கேள்விகளோடுதான் வருவார்கள். மனம் ஏன் அலைகிறது, உயிர் எங்கே போகிறது, மறுபிறவி உண்டா. சாமி கேட்டுக்கொள்வார். சில சமயம் பதில் சொல்வார். பல சமயம் எழுந்து போய் வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிடுவார். அதுதான் பதில் என்று பக்தர்கள் பேசிக்கொள்வார்கள். "இல்லீங்க, நெசமாவே தண்ணி பாய வேண்டியிருந்துச்சு" என்று சாமி சொன்னால் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் சென்னியப்பன் எழுந்து நின்றார்.

"சாமி, ஒத்தைக் கையில புடிச்சுப் படம் எடுக்க எந்தக் கேமரா வாங்கறது நல்லதுங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். டாக்டரின் மனைவி வசந்தாமணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

சென்னியப்பன் மாட்டு டாக்டர். பவானி ஆற்றங்கரை ஊர்களில் ஈனும்போது கன்று குறுக்கே சிக்கிக்கொண்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கன்று வெளியே வந்து, தள்ளாடி எழுந்து நின்றதும் அவர் ஒரு காரியம் செய்வார். பையிலிருந்து கேமராவை எடுத்து, கன்றையும் தாயையும் வீட்டுக்காரரையும் நிறுத்தி ஒரு படம் பிடிப்பார். பிறகு அதைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். பல தொழுவங்களில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் படங்கள் தொங்கின.

போன வருஷம் ஒரு எருமை அவரைக் கம்பத்தோடு வைத்து நெருக்கிவிட்டது. தோள் நரம்பு அறுந்தது. வலது கை இருக்கிறது, அவ்வளவுதான். தோளிலிருந்து தொங்குகிறது.

அதற்குப் பிறகு அவர் எந்தத் தொழுவத்துக்கும் போகவில்லை. எந்நேரமும் மேல்துண்டால் கையை மூடிக்கொண்டிருந்தார். சாப்பாடு மட்டும் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு. இடது கையால் சாப்பிடுவதைக் கட்டின மனைவிகூடப் பார்க்கக் கூடாது.

வைத்தியம் இனி இல்லை என்று அவருக்குத் தெரியும். படமாவது எடுக்கலாம், அந்தச் சாக்கில் தொழுவத்துக்குள் கால் வைக்கலாம் என்று ஓர் ஆசை. பழைய கேமரா கனமானது, இரண்டு கையும் கேட்கும்.

"போன்லயே எடுக்கலாமே?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"எடுத்தனுங்க. சோப்புக்கட்டி மாதிரி வழுக்குது. ஒண்ணு தண்ணித் தொட்டியில போச்சு. இன்னொண்ணு சாணியில போச்சு."

சாமி யோசித்தார். அவருக்கு டாக்டரைவிட வயது நிறையவே குறைவு. தாடி மட்டும்தான் பெரியது.

"எனக்கு ரெண்டு கையும் இருக்குதே டாக்டரே. எனக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் உட்காரப் போனார்.

"உட்காராதீங்க. இங்க வாங்க. இந்தக் கையைக் கட்டுங்க."

சாமி தன் வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு துண்டை நீட்டினார். டாக்டர் திகைத்தார். சாமி சொல்லிவிட்டார், கட்டித்தான் ஆக வேண்டும். இடது கையாலும் பல்லாலும் இழுத்து, மாட்டுக்குப் போடுகிற முடிச்சாக ஒன்று போட்டார்.

"எப்ப அவுக்கறதுங்க?"

"உங்க கேமரா கெடைக்கிற அன்னிக்கு. அதுவரைக்கும் நீங்களும் இங்கயே தங்கிக்குங்க."

"நான் எதுக்குங்க?"

"எனக்கு வேட்டி கட்டத் தெரிய வேண்டாமா?"

மறுநாள் காலையில்தான் அது வேடிக்கைப் பேச்சில்லை என்று டாக்டருக்குப் புரிந்தது. ஆற்றில் குளித்து எழுந்த சாமி, வேட்டியை இடது கையால் சுற்றப் பார்த்தார். வேட்டி ஒரு பக்கம் போனது, சாமி ஒரு பக்கம் போனார்.

"டாக்டரே!"

டாக்டர் கரையில் நின்று வேறு பக்கம் பார்த்தார். "கண்ணை மூடிக்கிட்டு வரட்டுங்களா சாமி?"

"தொறந்துக்கிட்டே வாங்க. மூடிக்கிட்டு வந்தா ரெண்டு பேரும் ஆத்தோட போயிருவோம்."

டாக்டர் வந்தார். வேட்டியின் ஒரு முனையைச் சாமியின் இடுப்புக்கும் தென்னை மரத்துக்கும் நடுவில் கொடுத்தார்.

"மரத்தை அழுத்திக்குங்க. வேட்டியைச் சுத்தாதீங்க சாமி. நீங்க சுத்துங்க."

சாமி சுற்றினார். வேட்டி நின்றது. சாமி தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார்.

"இதை யாரு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க?"

"யாருமில்லீங்க. கதவைச் சாத்திக்கிட்டு நானே கத்துக்கிட்டது."

"இன்னும் என்னென்ன வெச்சிருக்கீங்க கதவுக்குள்ள?"

டாக்டர் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆனால் பற்பசையை எப்படிப் பிதுக்குவது, தேங்காயை எந்தக் காலால் மிதித்துக்கொண்டு உரிப்பது என்றெல்லாம் அன்று காலை முழுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டிவந்தது. சாமி மோசமான மாணவர். சோப்பை நழுவவிட்டார். சட்டைப் பொத்தானைப் பக்கத்துத் துளையில் மாட்டினார். வாழைக்குத் தண்ணீர் திருப்பப் போய் மண்வெட்டியோடு வாய்க்காலில் உட்கார்ந்தார். டாக்டர் திட்டக்கூடச் செய்தார். "சாமி, இது கன்னுக்குட்டிக்கே புரிஞ்சிருக்குமுங்க!" என்று சொல்லிவிட்டுப் பிறகு பயந்து போனார். சாமி தலையாட்டினார். கன்றுக்குட்டி அளவுக்கு வர இன்னும் நாளாகும் என்றார்.

மதியம் பந்தி. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். டாக்டர் வழக்கம்போலத் தன் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு பின்பக்கத்து அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டார்.

சாமி இலையின் முன்னால் உட்கார்ந்து இடது கையைச் சோற்றில் வைத்தார். பந்தி அப்படியே நின்றுபோனது. பரிமாறிக்கொண்டிருந்தவரின் கரண்டி வழியாக ரசம் தரையில் ஒழுகியது. இடது கையால் சாப்பிடுகிற சாமியை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. சாமியும் அப்படிச் சாப்பிட்டதில்லை. சோறு தாடிக்குப் போனது. ரசம் முழங்கை வழியாக மடிக்கு இறங்கியது. இலை நகர்ந்து நகர்ந்து பக்கத்துக்காரரின் எல்லைக்குள் போய்விட்டது. சாமி அதைத் துரத்திக்கொண்டு போனார்.

கதவிடுக்கில் டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. தட்டோடு வெளியே வந்துவிட்டார்.

"சாமி, இலையோரத்துல தண்ணி டம்ளரை வெய்ங்க. இலை நகராது."

சாமி வைத்தார்.

"ரசத்தைக் குளம் கட்டாதீங்க. கொஞ்சமா ஊத்தி, கெட்டியாப் பெசஞ்சு, உருட்டிக்குங்க. இப்படி."

"எப்படி?"

"இப்படிங்க." டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டிக் காட்டினார். வாயில் போட்டுக் காட்டினார். மறுபடி உருட்டினார். பாயசம் வந்தபோதுதான், ஊரே பார்க்கப் பந்தியில் உட்கார்ந்து இடது கையால் வயிறாரச் சாப்பிட்டிருப்பது அவருக்கு உறைத்தது. எழுந்து ஓடப் பார்த்தார்.

"பாயசம் எப்படிக் குடிக்கறது?" என்றார் சாமி.

"அது டம்ளருங்க சாமி. அதுக்கு எல்லாருக்கும் ஒரு கைதான்."

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு கூத்து. சாமி கையைக் கட்டிக்கொண்டிருக்கிற செய்தி ஆற்றைத் தாண்டிப் போயிருந்தது. வந்த கூட்டத்தில் பாதிப் பேர் வலது கையைத் துண்டால் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கைக்கட்டு விரதமாம். சாமியே இருக்கிறாராம், பலன் நிச்சயமாம்.

அரிசி ஆலைக்காரர் முன்னால் வந்தார். "சாமி, எனக்கு மிதுன ராசிங்க. வலது கையா, இடது கையாங்க?"

அவருக்குப் பின்னால் ஒரு பெண் தன் கணவனைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவனுக்கு இரண்டு கையும் கட்டியிருந்தது.

"இவருக்கு மட்டும் ரெண்டையும் கட்டிட்டனுங்க சாமி. குடியாவது நிக்கட்டும்."

"அவருக்கு மட்டும் அவுத்துவிடும்மா," என்றார் சாமி. "மத்தவங்கல்லாம் பந்தியில உட்காருங்க. எப்படிச் சாப்பிடறதுன்னு டாக்டர் சொல்லித் தருவாரு."

அன்று டாக்டர் பந்தி நெடுக நடந்து நடந்து தொண்டை வறண்டு போனார். டம்ளரை வை, உருட்டு, முழங்கையை இறக்கு. வசந்தாமணி ஒரு தூணோரம் நின்று தன் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இலை காலியாக இருந்தது. தன் வலது கையை முந்தானையில் முடிந்துகொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். டாக்டர் அவர் முன்னால் வந்து நின்றார்.

"உனக்கெதுக்கு இது?"

"தெரிஞ்சுக்கறனே," என்றார் வசந்தாமணி. "நீங்க இதைத்தான் இத்தனை நாளா உள்ள தனியாச் செஞ்சுக்கிட்டிருந்தீங்களா?"

மறுநாள் சாமியும் டாக்டரும் ஈரோட்டுக்கு பஸ் ஏறினார்கள். கடைவீதியில் ஒரு கேமரா கடை. முதலாளி ரெஹானா என்ற நடுவயதுப் பெண். கட்டுப்போட்ட கையோடு ஒரு சாமியாரும், துண்டு போர்த்திய கையோடு ஒரு பெரியவரும் சேர்ந்து உள்ளே நுழைந்ததைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்து விழுந்தீங்களா?"

"எனக்கு ஒண்ணும் ஆகலம்மா," என்றார் சாமி. "இவருதான் கட்டிவிட்டாரு."

ரெஹானா டாக்டரைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு பார்த்தார்.

கைக்கடக்கமான கேமராக்களாகப் பார்த்து எடுத்து வைத்தார். எல்லாம் சட்டைப்பையில் போகிற அளவு. டாக்டர் ஒவ்வொன்றாக இடது கையில் எடுத்தார். எதை எடுத்தாலும் பொத்தான் வலது ஓரத்தில். இடது பக்கம் பிடித்துக்கொண்டு விரலை மேலே வளைத்து எட்டினால் கேமரா மூக்கு குத்திக் கவிழ்ந்தது.

"இடது கைக்குன்னு செஞ்சது காட்டுங்கம்மா."

"அப்படி எதுவும் வர்றதில்லீங்க சார். எல்லாமே பொத்தான் வலப் பக்கம்தான்."

"கேமரா செய்யறவனுக்கு இடது கையே கெடையாதா?"

"இருக்குங்க. அது அடியில தாங்கிக்கறதுக்கு." ரெஹானா அவசரமாகச் சொன்னார். "மூணுகால் ஸ்டாண்டு இருக்கு, தரட்டுங்களா?"

"நான் ஸ்டாண்டை விரிக்கிற வரைக்கும் கன்னுக்குட்டி நிக்குமா?"

"வாயில சொன்னா எடுக்கிற மாதிரியும் இருக்கு. இங்கிலீசுல சொல்லணும்."

"மாடு மெரளுமுங்க."

டாக்டர் கேமராவைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டார். முகம் கறுத்திருந்தது. "வாங்க சாமி போலாம். ஒரு கைக்காரன் படம் எடுக்கக் கூடாதுன்னு எல்லா கம்பெனிக்காரனும் சேர்ந்து முடிவு பண்ணிட்டான்."

சாமி கிளம்பவில்லை. அவர் ஒரு சின்னக் கேமராவை இடது கையில் வைத்துக்கொண்டு பொத்தானை மூக்கால் அழுத்த முயன்றுகொண்டிருந்தார். மூக்கு எட்டவில்லை. முகவாயால் அழுத்தினார். தாடி குறுக்கே வந்தது. நெற்றியால் அழுத்தியபோது கேமரா கையைவிட்டு நழுவியது. ரெஹானா "அய்யோ" என்றார். சாமி குனிந்து, தொடைக்கும் மேசைக்கும் நடுவே எப்படியோ இடது கையாலேயே அதைப் பிடித்துவிட்டார். பிடித்த வேகத்தில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம்.

"சாமி, தலைகீழாப் புடிச்சிருக்கீங்க," என்றார் ரெஹானா.

"அப்படியா?" சாமி திருப்பவில்லை. இன்னொரு முறை க்ளிக் என்றது. அவருக்கு அது பிடித்திருந்தது. மறுபடியும் அழுத்தினார்.

டாக்டர் கிட்டே வந்து பார்த்தார். தலைகீழான கேமராவில் கைப்பிடி இடப் பக்கம் வந்திருந்தது. நான்கு விரல்களும் முன்பக்கமாக அதைப் பற்றியிருந்தன. பொத்தான் அடியில். பெருவிரல் தானாகப் போய் அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

"குடுங்க சாமி."

"இருங்க, இன்னும் ஒண்ணு எடுத்துக்கறேன்."

"குடுங்கறேன்ல!"

அதற்குப் பிறகு டாக்டர் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு கேமராவாகக் கவிழ்த்துப் பிடித்தார். ஒன்று கனம், பெருவிரல் அசையவில்லை. ஒன்றில் எல்லா வேலைக்கும் திரையைத் தொட வேண்டும், தொடுவதற்கு இன்னொரு கைக்கு எங்கே போவது. ஒன்று உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. பொத்தானைச் சுற்றியே ஜூம் வளையம். பேட்டரி மூடி நகத்தால் தள்ளினால் திறந்தது. மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு வார். அதைப் பல்லால் கடித்து மாட்டிக்கொண்டு கையை உதறினார். விழவில்லை.

"இது."

"படமெல்லாம் தலைகீழா வருமே சார்," என்றார் ரெஹானா.

"பிரிண்ட் போட்டுத் திருப்பி மாட்டிக்கறோம். எத்தனை கன்னுக்குட்டியை உள்ளயே திருப்பி எடுத்திருக்கேன். படத்தைத் திருப்ப முடியாதா?"

சாமி தன் கட்டைக் காட்டினார். டாக்டர் முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தார். சாமியின் கை விறைத்துப் போயிருந்தது. அவர் அதை மெல்ல நீட்டினார், மடக்கினார். எறும்பு ஊருது, எறும்பு ஊருது என்று முகத்தைச் சுளித்தார். விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. டாக்டர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமி அதைக் கவனித்தார்.

"என்னுது திரும்பி வந்துருச்சு டாக்டரே."

"ஆமாங்க சாமி."

"உங்களுது வராது."

"வராதுங்க."

ரெஹானா கண்ணாடி மேசையைத் துடைக்கத் தொடங்கினார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் டாக்டருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஜன்னல் வழியே ஒரு மஞ்சள் காட்டைப் படம் பிடிக்கக் கேமராவை எடுத்தார். கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"பெரியவரே! கேமரா தலைகீழா இருக்குது!"

பஸ் மொத்தமும் திரும்பியது. முன் ஸீட்டில் ஒருவர் எழுந்து வந்து, அன்பாக, கேமராவைச் சரியான பக்கம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் கேமராவைப் பைக்குள் போட்டார். துண்டை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

டாக்டர் வீட்டுக்குத் திரும்பாமல் ஆசிரமத்திலேயே தங்கிவிட்டார். கேமரா பைக்குள்ளேயே கிடந்தது.

ஒரு நாள் காலை வசந்தாமணி ஆசிரமத்துக்கு வந்து சொன்னார். மாராத்தாளின் பசு கன்று போட்டிருக்கிறது. புது டாக்டர்தான் வந்து பார்த்தார். கன்று நன்றாக இருக்கிறது. மாராத்தாள், சென்னியப்பன் டாக்டர் படம் எடுக்க வருவாரா என்று கேட்டாள்.

டாக்டர் கூரையைப் பார்த்தார்.

"எனக்குக் கன்னுக்குட்டி பாக்கணும்," என்றார் சாமி. "வழி தெரியாது."

மாராத்தாள் தொழுவத்தின் வாசலிலேயே நின்றிருந்தாள். தனியாக மாடு வைத்துப் பிழைக்கிற பெண். அந்தப் பசுவையே ஒரு காலத்தில் தாய்வயிற்றிலிருந்து இழுத்துப் போட்டவர் சென்னியப்பன்தான். அவரைக் கண்டதும் ஓடி வந்தாள். துண்டுக்குள் தொங்குகிற கையைக் கண்டதும் நின்றுவிட்டாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"அந்தக் கையா டாக்டரே... எங்க வூட்டுச் சீவனெல்லாம் புடிச்சு இழுத்த கையா..."

டாக்டருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. திரும்பி நடந்துவிடலாம் என்று ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டார். பின்னால் சாமி வழியை அடைத்துக்கொண்டு, கன்றுக்குட்டியின் காதைத் தடவிக்கொண்டு நின்றார்.

வேறு வழியில்லாமல் டாக்டர் கேமராவை எடுத்தார். வாரைப் பல்லால் கடித்து மணிக்கட்டில் ஏற்றினார். "நில்லு மாராத்தா. மாட்டுக்கிட்டப் போய் நில்லு." கேமராவைக் கவிழ்த்து உயர்த்தினார்.

மாராத்தாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். பார்த்தாள். அழுகை பாதியில் நின்றது. கண்ணில் நீர் அப்படியே இருக்க, வாய் விரிந்தது.

"டாக்டரே! பொட்டியைக் குப்புறப் புடிச்சிருக்கீங்க!"

சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்தாள். பசு காதை விடைத்தது. கன்று அவள் காலோரம் ஒண்டியது.

டாக்டர் கையைத் தாழ்த்திவிட்டார். காது சிவந்திருந்தது.

"பாத்தீங்களா சாமி? பஸ்ஸுலயும் இதேதான். இனி போற எடத்துலயெல்லாம் இதையே சொல்லிச் சிரிக்கப் போறாங்க."

"சிரிக்கத்தான் போறாங்க," என்றார் சாமி. "அப்ப அமுக்குங்க."